செங்கல் மேல் இடது கால்

அகிலாவின் இடது முழங்காலைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் காஞ்சிபுரத்துப் பக்கத்து ஐயம்பேட்டையில் ஒருவரும் பாக்கியில்லை. நடந்தது என்னவோ சின்ன விஷயம்தான். போன பிப்ரவரியில், கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டியில், எதிரணிப் பக்கம் ரெய்டுக்குப் போனவள் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். உடம்பு திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள்ளே இருக்கும் முக்கியமான தசைநார் அறுந்துபோனது. மார்ச்சில் சென்னையில் அறுவை சிகிச்சை. ஒன்பது மாதம் கழித்து, பரிசோதனையில் தேறினால் மறுபடி ஆடலாம் என்று டாக்டர் சொன்னார்.

அவ்வளவுதான் டாக்டர் சொன்னது. மீதியை ஊர் சொன்னது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் எலும்பு மருத்துவர் ஆனார்கள். ஒருத்தி வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னாள். இன்னொருத்தி திருஷ்டி என்றாள். பக்கத்து வீட்டு மணியம்மாள், பெண் பிள்ளை கபடி ஆடினால் கால் போகாமல் கிரீடமா வரும் என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் பிள்ளை போன வருடம் வாங்கி வந்த கோப்பையைத் தன் பேரனுக்குக் காட்டவேண்டும் என்று அடுத்த வாரமே கடன் கேட்டு வந்தாள். கோப்பை இன்னும் திரும்பி வரவில்லை.

அகிலாவுக்கு இதெல்லாம் பெரிதில்லை. அவளுக்கு ஒரே கவலை. அவள் மூன்றாம் ஆண்டு. டிசம்பர் கடைசியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டி. அவர்கள் கல்லூரி அணியைத்தான் பல்கலைக்கழகமே அப்படியே அனுப்புகிறது. அதற்குள் தேறினால் ஆடலாம். தேறாவிட்டால் ஏப்ரலில் படிப்பு முடிந்துவிடும், காலமும் முடிந்துவிடும். மூன்று வருடமாக விடியற்காலையில் எழுந்து ஓடியது, முட்டி தேய்த்தது எல்லாம் மணியம்மாள் வீட்டு அலமாரியில் ஒரு கோப்பையோடு நின்றுவிடும்.

இன்னொரு கவலையும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய இடத்தில் இப்போது ரெய்டுக்குப் போகிறவள் துளசி. திருப்புட்குழியில் விவசாயக் குடும்பம். நல்ல பெண். இரண்டு வருடமாக வெளியே உட்கார்ந்து அகிலாவின் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டவள். துளசி ஜெயித்த ஒவ்வொரு தடவையும் அகிலா போனில் இதயமும் நெருப்பும் கைதட்டலுமாக அனுப்பினாள். அனுப்பிய கையோடு, அடுத்த ஆட்டத்திலாவது இவள் கால் வழுக்கி முதல் ரெய்டிலேயே மாட்டிக்கொள்ளட்டும் என்று மனதாரக் கேட்டுக்கொண்டாள். பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

நாலாவது மாதம் டாக்டரைப் பார்க்கப் போனபோது அப்பா கைலாசமும் கூட வந்தார். கைலாசம் பட்டு நெசவாளர். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர் நெய்கிறார். இன்னொன்றில் அவருடைய தம்பி நெய்துகொண்டிருந்தார். தம்பி ஒரகடத்துப் பக்கம் கார் தொழிற்சாலையில் காவல்காரராகப் போய், உட்கார நாற்காலியும் தலைக்கு மேல் மின்விசிறியும் கிடைத்த பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தை மாதக் கல்யாணங்களுக்கான புடவைகள் வரிசைகட்டி நிற்க, இரண்டாவது தறி பாவு நூல் ஏற்றியபடி சும்மா கிடந்தது. அகிலாவும் கல்லூரிக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா கிடந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கைலாசத்துக்குப் பெரிய மூளை எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் அவர் நாணயமான மனிதர். டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். கைகட்டி நின்று கேட்டார். "டாக்டர், பொண்ணு வூட்ல உக்காந்துக்கினு செய்யிற வேலை எதனா செய்யலாமா? இடது கால அசைக்காம?"

டாக்டருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் மேசை, நாற்காலி, கணினி. தாராளமாகச் செய்யட்டும், சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்றார். கைலாசத்துக்கு உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் உலகத்தில் ஒன்றுதான். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தேதான் ஆயுளைக் கழித்தார்கள். அதைவிட உட்கார்ந்த வேலை எங்கே இருக்கிறது. இருவரும் முழு மனநிறைவோடு கும்பிட்டுப் பிரிந்தார்கள்.

மறுநாளே குழிக்குள் இடது பக்கம் மூன்று செங்கல் அடுக்கி, மேலே பழைய போர்வையை மடித்துப் போட்டு, மகளின் இடது காலுக்கு அப்பா ஒரு சிம்மாசனம் கட்டினார். அந்தக் கால் அதன்மேல் ராஜா மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தது. வேலை முழுவதும் வலது காலுக்கு. தலைக்கு மேல் தொங்கும், புடவையில் பூ விழச் செய்கிற ஜக்கார்டு பெட்டியைத் தூக்கும் மிதி லேசுப்பட்டதல்ல. ஒவ்வொரு தடவை நூலைச் சுமந்த நாடா குறுக்கே ஓடுவதற்கும் அதை ஒரு தடவை அழுத்த வேண்டும். ஒரு புடவை முடிவதற்குள் எத்தனை ஆயிரம் தடவை என்று எந்த நெசவாளியும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் அடுத்த புடவையைத் தொட மாட்டான்.

இப்படி ஐந்து மாதம். காலையில் இடது காலுக்கு இருபது நிமிடம் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் சத்யப்ரியா சொன்னபடி, ஒன்று விடாமல். பிறகு வலது காலுக்கு ஏழெட்டு மணி நேரம், யாரும் சொல்லாதபடி. அம்மா மங்கையர்க்கரசி மட்டும் நடுநடுவே வந்து எட்டிப் பார்த்து, கால் வலிக்கிறதா என்று விசாரிப்பாள். இடது காலைத்தான் விசாரிப்பாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் பரிசோதனை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் சத்யப்ரியாவின் இடம். முப்பது வயதுக்குள் இருப்பாள். சிரிப்பைக்கூட அளவெடுத்துத்தான் சிரிப்பாள். துணைக்குத் துளசியும் வந்திருந்தாள், போனில் படம் பிடிக்க. அணியின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காம்.

சோதனை எளிது. ஒற்றைக் காலில் நின்று, அதே காலில் முன்னால் எவ்வளவு தூரம் தாண்டி, ஆடாமல் நிற்க முடிகிறது என்று பார்ப்பார்கள். காலுக்கு மூன்று வாய்ப்பு. அடிபட்ட காலின் தூரம், நல்ல காலின் தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது இருக்க வேண்டும். முதலில் நல்ல கால். அகிலா வலது காலில் தாண்டினாள். சத்யப்ரியா டேப்பைப் பார்த்தாள், அகிலாவைப் பார்த்தாள், மறுபடி டேப்பைப் பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். இடது கால் நூற்று இருபத்தாறு. எழுபத்தைந்து சதவீதம்.

வேடிக்கைக்காகத் துளசியையும் தாண்டச் சொன்னார்கள். வலது நூற்று இருபத்திரண்டு. இடது நூற்று இருபது. தொண்ணூற்றெட்டு சதவீதம். அதாவது அகிலாவின் அறுந்து தைத்த கால், துளசியின் அறுபடாத இரண்டு காலையும்விட அதிகம் தாண்டியது. ஆனால் துளசி ஆடத் தகுதியானவள், அகிலா தகுதியில்லாதவள். விஞ்ஞானம் அப்படிச் சொன்னது.

சத்யப்ரியா இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தாள். பிறகு கேட்டாள். "ஜிம்முக்குப் போறியா?"

"இல்ல மேடம்."

"வேற எங்கனா டிரெயினிங்?"

"இல்ல மேடம். வூட்ல சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருந்துக்கினு இன்னா பண்றே?"

அகிலா கொஞ்சம் யோசித்தாள். "தறி நெய்யறேன்."

பொய் சொல்லவோ மறைக்கவோ அவள் நினைத்ததே இல்லை. ஓடினாயா, குதித்தாயா, பாரம் தூக்கினாயா என்று சத்யப்ரியா மாதாமாதம் கேட்டாள். அகிலா மாதாமாதம் இல்லை என்றாள். தறி நெய்வது உடற்பயிற்சி என்று அவர்கள் தெருவில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். சோறு தின்பதும் பல் தேய்ப்பதும்கூட அப்புறம் உடற்பயிற்சிதானே என்பார்கள். சத்யப்ரியா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி வா, அதுவரை குழிக்குள் வலது கால் இறங்கக் கூடாது என்றாள்.

செய்தி கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் கோதண்டபாணிக்குப் போனது. அவர் அநியாயம் என்று கொதித்தார். அந்தப் பத்து மாதத்தில் அவர் முழங்காலைப் பற்றி எடுத்துக்கொண்ட முதல் அக்கறை அது. அடிபடுவதற்கு முன்னால் எடுத்த அளவு இருந்தால் அதோடு ஒப்பிடலாம், ஐந்து மாதத்தில் தறி ஊதிவிட்ட காலோடு ஒப்பிட வேண்டியதில்லை என்று சத்யப்ரியாவே சொல்லியிருந்தாள். கோதண்டபாணி துள்ளி எழுந்து, முதலாம் ஆண்டில் தானே எல்லோரையும் அளந்து எழுதிய பதிவேட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி விரித்தார். பன்னிரண்டு பெண்கள் பெயர். பன்னிரண்டு பேருக்கும் வலது நூற்று நாற்பது, இடது நூற்று நாற்பது. அன்றைக்கு மழை வந்ததால் அலுவலக அறையில் டீ குடித்தபடி அவர் அளந்த அளவு அது. பதிவேட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

பிறகு அகிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு யோசனை சொன்னார். "இடது காலை ஏத்தறது கஷ்டம்மா. வலது காலை இறக்கறது ஈஸி. கம்மியா தாண்டு. யாருக்குத் தெரியப்போவுது?"

அகிலா வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கைலாசம் கோபமாக, நான் டாக்டரைக் கேட்டுத்தானே செய்தேன் என்றார். இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்து, செங்கல்லைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாவோ, கோதண்டபாணி வாத்தியார் சொன்ன வழியையே நல்ல வழி என்றாள். மணியம்மாளும் அதையே சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊரே ஒருமனதாக ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அகிலாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. இடது கால் துளசியின் காலைவிட நல்ல கால். அப்புறம் இதில் என்ன ஏமாற்று? கணக்குதான் தப்பு, அந்தக் கணக்கைக் கொஞ்சம் சரிக்கட்டினால் போச்சு. மறுநாள் சாயங்காலம் சுண்ணாம்புக் கட்டியோடு மொட்டை மாடிக்கு ஏறி, கோடு போட்டு, வலது காலில் குறைவாகத் தாண்டிப் பழகினாள்.

அது அவ்வளவு லேசாக இல்லை. முதல் தாண்டலில் வலது கால் கோட்டை எல்லாம் தாண்டிப் போய் நின்றது. பிடித்து நிறுத்தினால் தள்ளாடியது. எவள் பார்த்தாலும் நடிப்பு என்று சொல்லிவிடுவாள், அதுவும் சத்யப்ரியா. நிஜமாகவே வலுவில்லாத கால் எப்படித் தாண்டும் என்று பார்த்துச் செய்ய வேண்டும். அதற்கு மாதிரி கையிலேயே இருந்தது. துளசி எடுத்த படம். அகிலா போனைத் திறந்து, தன்னுடைய இடது கால் தாண்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

கைகள் வீசவே இல்லை, இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. முட்டி பாதிகூட மடங்கவில்லை. கண் இரண்டும் முன்னால் பார்க்காமல், கால் எங்கே விழப்போகிறது என்று தரையைப் பார்த்தன. கால் தரையை விடுவதற்கு முன்பே தோள் பின்னால் சாய்ந்துவிட்டது. சரி, இப்படித்தான் என்று மனதில் வாங்கிக்கொண்டு, வலது காலில் நின்று, கையை ஒட்டி, தரையைப் பார்த்து, பின்னால் சாய்ந்து தாண்டினாள். தள்ளாடவே இல்லை. சுண்ணாம்புக் கோட்டை அளந்தாள். நூற்று இருபத்தேழு.

அகிலா மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழெட்டு மணி நேரம் மிதி அழுத்திய வலது காலே, அப்படித் தாண்டினால் நூற்று இருபத்தேழுதான் தாண்டுகிறது. அப்படியானால் இடது கால் குறைவாகத் தாண்டியது காலின் குறை இல்லை. ஒன்பது மாதமாக அவள் அந்தக் காலில் தாண்டவே இல்லை. தாண்டுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள், அது தனக்கே தெரியாமல். பயம். அந்தப் பிப்ரவரியில் தசைநார் அறுந்த சத்தம் இன்னும் முழங்காலுக்குள் இருந்தது. செங்கல் மேல் ஏற்றி வைத்தது அப்பா மட்டுமல்ல, அவளும்தான். அவளுக்கு அழுகை வந்தது. கீழே அம்மா இட்லிக்குச் சட்னி வேண்டுமா, பொடி போதுமா என்று கேட்டாள். பொடி போதும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் சொன்னாள்.

மறுபரிசோதனை அன்று கோதண்டபாணி நேரிலேயே வந்து கதவோரம் நின்றார். சத்யப்ரியாவின் கையெழுத்தை வாங்கி அன்றே அனுப்ப வேண்டுமாம். முதலில் வலது கால் என்றதும் அவர் இரண்டு தடவை இருமினார். தொண்டை சரியில்லாத இருமல் இல்லை அது.

அகிலா நின்றாள். கையை ஒட்டிக்கொண்டால் போதும். தரையைப் பார்த்தால் போதும். ஒரு வாரத்தில் ரயிலேறிவிடலாம். ஆனால் அப்படித் தாண்டிப் போய் ஆடுகளத்தில் இறங்கினால், ஏழு பேர் வளைத்து நிற்கும்போது இடது கால் என்ன செய்யும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அது தரையைப் பார்க்கும். அவள் கையை வீசித் தாண்டினாள். நூற்று அறுபத்தொன்பது. கோதண்டபாணி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

இடது கால். முதல் தடவை கண் கீழே போய்விட்டது. நூற்று முப்பத்தொன்று. இரண்டாம் தடவை நூற்று நாற்பது. மூன்றாம் தடவை சன்னலுக்கு வெளியே எதிர்க்கடைப் பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினாள், 'இங்கு அசல் பட்டு' வரை வாசித்தபோது கை வீசி, முட்டி மடங்கி, கால் தரையை விட்டுவிட்டது. இறங்கும்போது உடம்பு முழுக்க நடுங்கியது. கால் நடுங்கவில்லை. நூற்று நாற்பத்தொன்பது.

சத்யப்ரியா கணக்குப் போட்டாள். "எண்பத்தெட்டு."

"ரெண்டு சதவீதம்தானேம்மா," என்றார் கோதண்டபாணி. "நானெல்லாம் பிராக்டிகல்ல அஞ்சு மார்க் கண்ண மூடிக்கினு போடறவன்."

சத்யப்ரியா கண்ணை மூடவில்லை. இன்னும் மூன்று வாரம், பிறகு மறுபடி சோதனை, நிச்சயம் தேறுவாள் என்றாள். தென்மண்டலப் போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது. அதில் கடைசி நாலு அணிக்குள் வந்தால் ஜனவரி கடைசியில் அகில இந்தியப் போட்டி. அப்போது அகிலா ஆடலாம். நாலுக்குள் வராவிட்டால் அவள் தேறி என்ன, தேறாமல் என்ன.

ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குத் திரும்பும்போதுதான் அவளுக்கு அது முழுதாக உறைத்தது. இனி அவளுடைய கபடி அவள் காலில் இல்லை. துளசியின் காலில் இருந்தது. எந்தக் கால் வழுக்கட்டும் என்று ஒன்பது மாதம் கேட்டுக்கொண்டாளோ அதே காலில்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கைலாசம் தறிக்குழிக்குள் இறங்கி முழங்காலிட்டு என்னவோ செய்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் மண். எண்பத்தெட்டு என்று அகிலா சொன்னாள். அவர் முடிச்சை இறுக்கிவிட்டு மேலே ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மிதியை இடது பக்கம் மாத்திக் கட்டிட்டேன். அந்த மேடம்கிட்ட போன்ல கேட்டுட்டேன். தினம் எவ்ளோ நேரம், எவ்ளோ அழுத்தம், எல்லாம் கேட்டு எழுதி வச்சிருக்கேன். மேசை நாற்காலி இல்லம்மா, தறின்னும் சொல்லிட்டேன்."

செங்கல் மூன்றும் வலது பக்கம் போயிருந்தன, போர்வையோடு. மன்னிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்லி அகிலா கேட்டதில்லை. இந்தத் தடவையும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேலை கொடுத்தார்கள், வழக்கம்போல.

கடைசி நாலுக்குள் போவதற்கான ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் நடந்தது. அகிலா தறியில் உட்கார்ந்து, பாவுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அணியில் யாரோ போனில் நேரலை காட்டினார்கள். பாதி நேரம் யாருடைய முதுகோ தெரிந்தது. கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் இருபத்தாறு. ரெய்டுக்குத் துளசி போனாள். ஏழு பேர் வளைத்தார்கள். அகிலாவின் இடது கால் மிதியை அழுத்தியபடி அப்படியே நின்றது.

"கீழ பாக்காதே துளசி," என்று அகிலா கத்தினாள். அது மனதாரக் கத்தியதுதான். "நேரா பாரு. நேரா பாரு."

துளசி ஒருத்தியைத் தொட்டாள். ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது. அவள் விழுந்து, இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்கு விரலை நீட்டினாள். அங்கே படம் நின்று சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது. அகிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு, துளசியின் விரல் இன்னும் ஒரு அங்குலம் நீளட்டும் என்று கேட்டுக்கொண்டாள். படம் திரும்பி வந்தபோது துளசி எல்லோர் தோளிலும் இருந்தாள்.

அகிலா அழுதாள். மூக்கு ஒழுகி, சத்தம் போட்டு, ஜரிகை மேல் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். துளசிக்கு அனுப்ப இதயமும் நெருப்பும் தேடியபோது கண்ணீரில் திரை தெரியாமல் எது எதுவோ போனது.

பக்கத்துத் தறியில் கைலாசம் நாடாவை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சுப்பா."

"அப்ப மேடம் சொன்ன கணக்குல இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருக்குது," என்றார். "மிதி."

அகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி இடது காலை அழுத்தினாள். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி தூக்கிக்கொண்டது.